கைப்பை நீக்கிய கைகள்

பனையின் பயன்கள் 801 என்று கணக்கிட்டுக் கூறியது தாலவிலாசம் என்னும் பழைய நூல். அந்தக் கணக்கை 1850இல் கொழும்பில் வெளிவந்த வில்லியம் பேர்குசனின் பனை பற்றிய ஆங்கில நூல் பிறநாட்டாரும் அறியச் செய்தது. பாடியவருக்கும் எடுத்தெழுதியவருக்கும் வரலாற்றில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பயன்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தவர் யாவர்? உண்ணத் தகாததை உண்ணத் தக்கதாக்க எத்தனை அடுப்புகளில் எத்தனை பானைகள் ஏறி இறங்கியிருக்க வேண்டும்? இந்த வினாவை நமது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் எழுப்பியதில்லை. காரணம் எளியது. சமையலறை அவர்கள் கண்ணுக்கு வரலாறு நிகழும் இடமாகத் தோன்றவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் படிந்த மண். கிணற்று நீரால் செய்யும் தோட்டம். மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒருமுறை விளையும் நெல். மழை பொய்த்தால் நெல்லும் பொய்த்தது. சோறு எல்லார்க்கும் எந்நாளும் வாய்க்காத அந்த மண்ணில் ஏழையைத் தாங்கி நின்றது பனை. பனம் விதையைப் பாத்தியிலே புதைத்து, முளைத்த கிழங்கைக் கிண்டியெடுத்து, கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கனிந்த பழத்தின் களியைப் பாயிலே படை படையாகப் பரவி உலர்த்தினால் பனாட்டு. ஒரே மரம் பஞ்சகாலத்துக்கெனச் சேமித்து வைக்கும் உணவுகளை இவ்வாறு வழங்கிற்று.

ஆயினும் ஒடியல் மா அப்படியே உண்ணக் கூடியதன்று. கடுமையாகக் கைக்கும். அதை நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர்விட்டு மீண்டும் வடித்த பின்னரே பிட்டுக்கோ கூழுக்கோ எடுப்பது வழக்கம். எத்தனை முறை வடிப்பது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது, எந்தப் பதத்தில் அடுப்பில் ஏற்றுவது என்பவற்றை எந்த ஏடும் கற்பித்ததில்லை. ஒருத்தி செய்தாள், கைத்தது. மறுநாள் வேறுவிதமாகச் செய்தாள், சற்றே குறைந்தது. அதை மகளுக்குச் சொன்னாள். சோதித்தல், பிழையறிதல், திருத்துதல் என்பனதாமே விஞ்ஞானத்தின் வழி? ஆய்வுகூடத்தில் நடந்தால் ஆராய்ச்சி என்றும், அடுப்படியில் நடந்தால் கைப்பக்குவம் என்றும் பெயரிட்டுப் பிரித்து வைத்தது நமது சமுதாயம்.

நாம் இதைச் சொல்லும்போது அடுப்படி அறிவுக்கு எல்லையில்லை என்று கூறவரவில்லை. நாக்கு கைப்பை உடனே அறியும். மெல்ல வேலைசெய்யும் நஞ்சை அறியாது. ஒடியல் மாவை உண்ட எலிகளுக்கு நச்சு விளைவுகள் உண்டானதை 1971இல் இலங்கை மருத்துவ ஆய்வாளர் சிலர் வெளியிட்டனர். அதன் பின் அந்த மாவை எவ்வாறு பக்குவப்படுத்துவது என்பது ஆய்வாளரின் கவலையுமாயிற்று. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. பாட்டி தொடங்கிய சோதனையைப் பேர்த்தி நுணுக்குக்காட்டியோடு தொடர்வதுதான் முறை. ஒன்று மற்றொன்றை இகழ இடமில்லை.

இனி, நம் முன்னோரின் மாறாத மரபு என்று பெருமை பேசும் ஒடியற் கூழ்ப் பானைக்குள்ளே சிறிது எட்டிப் பார்ப்போம். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை, புளி, ஒரு பிடி அரிசி ஆகியவற்றோடு செத்தல் மிளகாயும் மரவள்ளிக் கிழங்கும் அதிலே கிடக்கின்றன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயரின் கடல் வணிகத்தோடு இப்பக்கம் வந்தது. அதற்குமுன் நமது கறிகளுக்கு உறைப்பைத் தந்தது மிளகு. மரவள்ளியும் தென்னமெரிக்காவுக்கு உரியது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் ஆட்சியிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். இவை பாடநூல்களில் உள்ளன. அந்நியன் கொண்டுவந்த காயையும் கிழங்கையும் தன் பானைக்கு ஏற்றவாறு பழக்கிக்கொண்ட பெண்ணின் வெற்றி எந்தப் பாடநூலிலும் இல்லை. மரபு என்பது தேங்கிய குட்டையன்று என்பதற்கு அந்தக் கூழே சான்று.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் பங்கீடு வந்தது. கூப்பன் அரிசி என்ற சொல் வீட்டுச் சொல்லாயிற்று. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா அடுப்படிக்குள் நுழைந்தது. அரிசி மாவைக் குழைப்பதுபோல் அதைக் குழைத்தால் பிட்டு உதிராது, பசையாய்த் திரளும். இதற்கு யாழ்ப்பாணத்து அடுப்படி கண்ட விடை இன்றும் வழக்கில் உள்ளது. மாவைத் துணியிற் கட்டி நீர் கலவாமல் ஆவியில் அவித்து, சூட்டோடு கட்டிகளை உடைத்து, அரித்து எடுத்தார்கள். பின்னர் நீர் தெளித்துக் குழைத்துச் சுண்டினாற் கொத்தி, தேங்காய்ப்பூவோடு நீத்துப்பெட்டியில் வைத்தால் பிட்டு உதிரியாய் வந்தது. கோதுமையிலுள்ள புரதம் நீர்பட்டால் இழுபடும். முன்னரே வெப்பம் ஏறினால் அந்த இழுதன்மை குன்றும். காரணத்தைச் சொல்ல இரசாயன நூல் வேண்டும். வழியைக் கண்டுபிடிக்கப் பசித்த பிள்ளைகளின் முகங்களே போதுமாயிருந்தன.

இவ்விடத்தில் நாம் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சத்தைச் சமாளித்த திறமையைப் பாராட்டும் வாய், பஞ்சத்தை உண்டாக்கியவரை மன்னித்துவிடக் கூடாது. 1953இல் கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, "வேறு வழி காண்போம்" என்று மக்கள் அடுப்படிக்குள் அடங்கிவிடவில்லை. ஆகஸ்ட் 12இல் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1990இன் பின் போரும் பொருளாதாரத் தடையும் குடாநாட்டை முற்றுகையிட்டன. மின்சாரமும் எரிபொருளும் அற்ற வீடுகளில் பனம் மட்டையும் விறகும் எரிந்தன. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். அந்த நாட்களை இனிய நினைவாக்கிக் கதை சொல்வோர் உளர். பட்டினி ஒருநாளும் நல்லாசிரியனன்று. அதன்கீழ் அகப்பட்டும் கற்றுக்கொண்டவர்களின் பெருமை வேறு. பட்டினியின் பெருமை என்று ஒன்று இல்லை.

இன்னொரு கைப்பும் உண்டு. ஒரே பானையைச் சுற்றியிருந்து பிலாவிலையைக் கோலிக் கூழ் குடிக்கும் காட்சியை ஒற்றுமையின் சின்னமாக நாம் எழுதுகிறோம். அந்த வட்டத்துக்குள் எல்லாருக்கும் இடமிருந்ததா? கள்ளிறக்கிய கையும் வயலை உழுத கையும் முற்றத்துக்கு வெளியே நின்று வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடித்த காலம் வெகுதூரத்தில் இல்லை. தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் சம உரிமை கேட்டு 1960களின் பிற்பகுதியில் அம்மக்கள் போராட வேண்டியிருந்தது. கிழங்கின் கைப்பை நீர் வடித்தது. சாதியின் கைப்பை வடிக்கப் போராட்டமே நீராயிற்று.

இன்று ஒடியற் கூழ் உணவகங்களில் விலைபெறும் பண்டமாகிவிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் அதைச் செம்மை செய்தவர்களின் அறிவு ஏட்டில் ஏறாமலே அவர்களோடு மறைந்துகொண்டிருக்கிறது. நம் வீட்டு முதியவர்களிடம் சென்று கேட்போம். எவ்வளவு மா, எத்தனை தரம் வடித்தது, எந்த ஆண்டில் எது கிடைக்காமற் போயிற்று, அதற்கு ஈடாக எதைச் சேர்த்தார்கள், எது பிழைத்தது என்பவற்றை எல்லாம் எழுதி வைப்போம். பிழைத்துப் போன பிட்டையும் மறவாது குறிப்போம். அடுத்த நாட் பிட்டு உதிரியாய் வந்தது அதனாலேதான்.