படமும் படவிளக்கமும்: சைகோன், 1975

வியட்நாம் போரின் இறுதியில், 1975 ஏப்ரல் 29 அன்று, சைகோனில் ஹியூபர்ட் வான் எஸ் எடுத்த ஒளிப்படம் உலகறிந்தது. கூரையுச்சியில் ஹெலிகாப்டர், அதனை நோக்கி ஏணியில் ஏறும் மக்கள் வரிசை. அக்கூரை அமெரிக்கத் தூதரகத்தினுடையது என்றே பல்லாண்டுகள் எழுதப்பட்டது. உண்மையில் அது கியாலாங் தெருவிலிருந்த பிட்மன் அடுக்குமாடிக் கட்டடமாகும், சி.ஐ.ஏ. பணியாளர் குடியிருந்த இடம். தாம் சரியான விளக்கமே அனுப்பியதாகவும், பதிப்பாசிரியர்கள் அதனைக் கூர்ந்து நோக்காது தூதரகம் எனக் கொண்டதாகவும் வான் எஸ் பின்னர் எழுதினார். இடம் கிடைக்காதோர் நெடுநேரம் காத்திருந்தும் வேறு ஹெலிகாப்டர் வரவில்லை என்பதையும் அவர் குறித்துள்ளார். படமோ அவர்களது காத்திருப்பைக் காட்டவில்லை.

இங்குப் படம் பொய்யன்று. அதனோடு வந்த சொல்லே பிறழ்ந்தது. ‘தூதரகம்’ எனப் பெயர்த்தவர் மூலத்திற்கு உண்மையாகவும் நிகழ்வுக்கு மாறாகவும் நின்றார். ஆதலின், போர்க்கால வெளியேற்றப் படங்களைப் பொறுத்தமட்டில், மொழிபெயர்ப்பாளர் முதற்கண் ஐயுற வேண்டியது படத்தின் கீழுள்ள தொடரையே எனலாம்.