சங்கிலியும் சட்டியும்: கரிசல் வேட்டை நாய்களிடையே இரண்டாம் நாய்ச் சிக்கல்

சங்கரன்கோவிலுக்கு நேர் வடக்கே இராஜபாளையம், வடகிழக்கே சிப்பிப்பாறை, கிழக்கே கன்னி நாய்களை வளர்த்துவந்த கோவில்பட்டிக் கரிசல் ஊர்கள். தமிழ்நாட்டு வேட்டை நாய் இனங்களில் மூன்றின் தாயகங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. இங்கே வீட்டுக்கு இரண்டாவது நாய் ஒன்றைக் கொண்டுவர நினைப்பவர் இரண்டு எச்சரிக்கைகளைக் கேட்பார். நாட்டு இனம் பிறவியிலேயே மூர்க்கம், இன்னொன்றைச் சேர்க்காது என்பது ஒன்று. இரண்டில் எது தலைவன் என்று அடித்துப் பிடித்துத்தான் முடிவாகும், அதுவரை சண்டை ஓயாது என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையான விளக்கங்கள் என்பது இக்கட்டுரையின் வாதம். சண்டையின் வேர் இனத்திலும் இல்லை, தலைமைப் போட்டியிலும் இல்லை. நாயைக் கட்டிவைக்கும் முறையிலும் சோறு வைக்கும் முறையிலும்தான் இருக்கிறது.

முதல் விளக்கத்தை இந்த இனங்களின் வரலாறே மறுக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடும் நாய்கள். அறுவடை முடிந்த வெட்டவெளியில் முயலைக் கிளப்பி இவற்றை அவிழ்த்துவிடுவார்கள். வெவ்வேறு வீட்டு நாய்கள் ஒரே முயலின் பின்னால் ஓடும். முயல் திடீரென்று திசை திரும்பும்போது முன்னால் ஓடிய நாய் வேகத்தில் தாண்டிப்போக, பின்னால் வந்தது மறித்துக்கொள்ளும். பக்கத்தில் ஓடும் நாயைக் கடிக்கத் திரும்பிய நாய்க்கு முயல் கிடைத்திருக்காது. அப்படிப்பட்ட நாயிடம் குட்டி எடுக்க வேட்டைக்காரன் எவனும் முனைந்திருக்க மாட்டான். சக நாயைச் சகிக்கும் குணம் வேட்டைத் தேர்விலேயே அடங்கியிருந்தது என்றுதான் கொள்ளவேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களுக்கு முடிவுகட்டிய அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த நாய்களின் தொழிலைப் பறித்தன. முயல்களைப் பொறுத்தவரை அது நல்லதே. ஆனால் மைல் கணக்கில் ஓடப் பிறந்த உடல் வாசல் தூணில் இரண்டு முழச் சங்கிலிக்குள் வந்து முடங்கியது. 2005இல் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. பின்னர் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் பதிவையும் பெற்றன. பெருமை ஏறிய அளவுக்குச் சங்கிலி நீளவில்லை.

வேட்டைக்குச் சேர்ந்து ஓடினாலும் அவை தனித்தனி வீட்டு நாய்கள்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, சிக்கல் எங்கே இருக்கிறது என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது. வெட்டவெளியில் ஒத்துப்போகும் நாய்கள் ஒரே வாசலில், ஒரே சட்டியின் முன்னால், ஒரே எசமானின் காலடியில்தான் முட்டிக்கொள்கின்றன.

தலைமைக் கொள்கைக்கு வருவோம். 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதியது இதன் தொடக்கம். டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. அதே மெக், காட்டு ஓநாய்களைப் பல்லாண்டு நேரில் பார்த்தபின் 1999இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் கொண்ட குடும்பம். பெற்றோர் பிள்ளைகளை நடத்துவதற்கு 'ஆட்சிப் போட்டி' என்ற பெயர் பொருந்தாது என்றார். பரப்பியவரே கைவிட்ட கருத்து இன்னும் நம் பயிற்சியாளர்கள் வாயில் வாழ்கிறது. அதை நம்பிப் புது நாயை மல்லாத்தி அமுக்குபவர்கள் அதற்குக் கற்றுக்கொடுப்பது அச்சத்தை மட்டும்தான்.

ஒரே வீட்டு நாய்களுக்கிடையிலான சண்டையைப் பற்றி 2011இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று 38 இணைகளை ஆராய்ந்தது. பெரும்பாலான இணைகள் ஒரே பாலினத்தவை. வீட்டுக்காரரின் கவனிப்பு, உணவு, திடீர்ப் பரபரப்பு ஆகியவையே சண்டையைத் தூண்டியவற்றில் முக்கியமானவை. நம் பக்கத்தில் காவலுக்கு ஆண் குட்டியையே தேடும் பழக்கம் உண்டு. இரண்டாவதும் ஆணாகவே அமைவதில் வியப்பில்லை. முதல் நாய் ஆண் என்றால் அடுத்தது கருத்தடை செய்த பெட்டையாக இருப்பதே அறிவுடைமை.

அறிமுகத்தை வாசலில் நடத்தக் கூடாது. கட்டப்பட்ட நாயால் விலகிப்போக முடியாது. விலக முடியாதபோது அது உறுமும், அடுத்துக் கடிக்கும். இரண்டுக்கும் உரிமையில்லாத கண்மாய்க் கரையோ தரிசு நிலமோ நல்ல இடம். இருவர் ஆளுக்கொரு நாயைத் தளர்ந்த கயிற்றில் பிடித்து, இடைவெளிவிட்டு ஒரே திசையில் நடக்கவேண்டும். உடல் விறைப்புத் தளரத் தளர இடைவெளியைக் குறைக்கலாம். வாசலில் மோதும் நாய்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நடப்பதற்குப் பழைய வேட்டை நடையே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

உணவைப் பொறுத்தவரை ஒரே சட்டியில் ஊற்றி இரண்டையும் பழக்குவது என்பது வம்பை விலைக்கு வாங்குவது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை நெடுங்காலம் கவனித்திருக்கிறது. கூட்டமாக வாழும் அந்த நாய்களும் இரைதேடுவது பெரும்பாலும் தனித்தனியாகவே என்பது அவர்களது முடிவுகளில் ஒன்று. தனித்துத் தின்பது நாய்க்கு இயல்பு. ஆகவே ஒன்றுக்குத் தொழுவத்திலும் மற்றொன்றுக்குப் பின்கட்டிலும் வைத்து, தின்று முடித்ததும் சட்டிகளை எடுத்துவிடவேண்டும். தின்னும்போது கையைவிட்டுச் சட்டியைப் பிடுங்கி 'பழக்குவது' உணவுக் காவலை வலுப்படுத்துகிறது.

கூழ் ஊற்றி வளர்த்ததால்தான் நாய் கெட்டது என்ற புதுப் பேச்சும் தவறு. 2013இல் நேச்சர் இதழில் வந்த ஆக்செல்சன் குழுவினரின் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பலமடங்கு பெருகியிருப்பதைக் காட்டியது. நன்றாக வெந்த கம்பும் சோளமும் நாய்க்குச் செரிக்கும். குறை வேறிடத்தில் உள்ளது. வளரும் குட்டியின் உணவில், ஈரம் நீக்கிய எடையில் 22.5 விழுக்காடு புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தர அளவு. கம்பில் அதில் பாதியளவே உண்டு, கேழ்வரகில் இன்னும் குறைவு. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து புகழ்பெற்றது. ஆனால் அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் ஒரு பகுதியை உடலில் சேரவிடாது. கூழை நிறுத்தவேண்டியதில்லை. அதனோடு முட்டையும் கோழி ஈரலும் வேகவைத்த உப்பில்லாத மீனும் சேரவேண்டும்.

சங்கரன்கோவில் என்றதும் பிரியாணி நினைவுக்கு வருகிறவர்கள் மிச்சத்தை நாய்ச் சட்டியில் கொட்டும்முன் யோசிக்கவேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதுமானது. வதக்கினாலும் நஞ்சு போகாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இரண்டு நாய்கள் உள்ள வீட்டில் அந்த எலும்புதான் சண்டைக்கும் முதல் காரணமாகும்.

இந்த இனங்களின் உயரம், நிறம், காது, வால் பற்றிக் கண்காட்சிகளில் பேசிய அளவில் பாதிகூட இவை சக நாயோடு எப்படி வாழ்கின்றன என்பதைப் பற்றிப் பேசப்படவில்லை. திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கடிபட்டு வரும் நாய்க்குத் தையல் போடும்போதே அது கட்டிய நாயா அவிழ்த்த நாயா, சண்டை சட்டியருகில் நடந்ததா வாசலில் நடந்ததா, இரண்டும் ஒரே பாலினமா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவைக்கும்படி அங்குள்ள ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.