அழித்துச் செய்தல்: கொங்குச் சிற்றூர்களில் குடும்ப நகை மறுவார்ப்பும் 1963 தங்கக் கட்டுப்பாட்டு விதிகளும்

முன்னுரை

தாயின் அட்டிகையை மகளின் திருமணத்திற்கு ஆரமாக மாற்றுவதும், பாட்டியின் காசுமாலையைப் பிரித்துப் பெயர்த்திகளுக்கு வளையல்களாகப் பகிர்வதும் தமிழகக் குடும்பங்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். இதனை மக்கள் ‘அழித்துச் செய்தல்’ என்பர். அணிகலன் வரலாறு எஞ்சியுள்ள நகைகள், சிற்பங்கள், இலக்கியக் குறிப்புகள் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்து எழுதப்படுவதால், இவ்வழக்கம் சான்றுகளை இல்லாமலாக்கும் செயலாகவே தோன்றும். ஆயின் அது மரபுரிமையின் முறிவு அன்று. மரபுரிமை கைமாறும் முறைகளுள் ஒன்று. 1963-இல் நடைமுறைக்கு வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. இன்று திருப்பூர் மாவட்டத்திலும், அந்நாளில் கோயம்புத்தூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டை வட்டத்திலும் அடங்கிய மடத்துக்குளம் போன்ற கொங்குச் சிற்றூர்களின் நிலையை மனங்கொண்டு இக்கட்டுரை அவ்விதிகளை ஆராய்கிறது.

உருவும் பொன்னும்

நகையின் அடையாளம் அதன் உருவில் உள்ளதா, உட்பொருளில் உள்ளதா என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் இரு சிலம்புகளும் புறத்தோற்றத்தால் வேறுபடுத்த இயலாதவை; உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்பதே வழக்கைத் தீர்த்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் இறைவனுக்கு அளிக்கப்பட்ட அணிகளைப் பெயரால் சுட்டுவதோடு நில்லாமல், ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி எனக் கணக்கிட்டுப் பதிவு செய்துள்ளன. உருவம் சிதைந்தாலும் பொன்னின் அளவைக் கொண்டு உரிமையை நிலைநாட்டலாம் என்பதே இத்தகைய பதிவின் பயன். பிற்காலத்தில் 22 காரட் தூய்மையும் ஏறத்தாழ 8 கிராம் எடையும் கொண்ட ஆங்கிலேயப் பவுன் நாணயமே வீட்டுப் பொன்னின் அலகாயிற்று. ‘சவரன்’ என்னும் எடை அலகு அதன் எச்சமாகும்.

பட்டறையின் இயல்பு

சிற்றூர்ப் பொற்கொல்லர் விற்பனைக்கெனப் பெருமளவு நகைகளை இருப்பு வைத்தவர் அல்லர். கருவியும் கைத்திறனும் அவருடையவை, பொன் வாடிக்கையாளருடையது. பழைய நகையிலிருந்து கல்லும் அரக்கும் நீக்கப்படும். பின் அது நிறுக்கப்பட்டு, மூசையில் வெண்காரத்துடன் உருக்கப்பட்டு, உரைகல்லில் மாற்றுப் பார்க்கப்படும். பழைய நகையின் பற்றாசில் கலந்திருந்த செம்பும் வெள்ளியும் உருக்கும்போது பொன்னோடு சேர்வதால், மறுவார்ப்புத்தோறும் மாற்றுக் குறையக்கூடும். ஆகவே சேதாரம் பற்றிய ஐயமும், உருக்கும்போது வீட்டார் உடனிருப்பதும் இத்தொழிலுறவின் பகுதிகளாயின. அந்த ஐயத்தையும் மீறிக் குடும்பங்கள் பட்டறையை நாடியதற்குக் காரணம், தம் வீட்டுப் பொன்னே தமக்குத் திரும்பி வரும் என்னும் உறுதியாகும்.

1963: தடையும் தளர்வும்

1962 சீனப் போரை அடுத்து, அந்நியச் செலாவணி நெருக்கடியையும் தங்கக் கடத்தலையும் காரணம் காட்டி, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வது தடைசெய்யப்பட்டது. மறுவார்ப்புக்கு இதன் பொருள் யாது? 22 காரட்டில் அமைந்த 8 கிராம் நகையில் தூய பொன் ஏறத்தாழ 7.33 கிராம். அதனை 14 காரட்டாக மாற்றினால் 12.57 கிராம் எடை வரும், அதாவது 4.57 கிராம் செம்பும் வெள்ளியும் புதிதாகச் சேர்க்கப்பட வேண்டும். பொன் அளவில் குறையாது. ஆனால் நிறமும் மாற்றும் தாழும். தலைமுறையாகக் காத்த பொன்னைக் கலப்படமாக்குவதாகவே வீட்டார் இதனைக் கருத இடமிருந்தது.

நாடெங்கும் பொற்கொல்லர் வேலையிழந்தனர்; அவர்களுடைய தற்கொலைகள் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டன. காமராசர் திட்டத்தின்கீழ் தேசாய் பதவி விலகியபின் நிதித்துறையை ஏற்ற டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் காலத்தில், 1963 செப்டம்பரில் ஒரு தளர்வு அளிக்கப்பட்டது. வாடிக்கையாளர் தரும் பழைய நகையை 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையிலேயே மாற்றிச் செய்யச் சுயதொழில் புரியும் பொற்கொல்லர்க்கு இசைவு கிடைத்தது. புதுப் பொன்னுக்குத் தடை நீடிக்க, குடும்பப் பொன்னுக்கு வழி திறந்தது. இத்தளர்வு பொற்கொல்லரின் பிழைப்பைக் கருதியதே எனினும், அழித்துச் செய்தல் புதிய நுகர்வு அன்று என்பதை அது மறைமுகமாக ஏற்றது. 14 காரட் வரம்பு 1966-இல் முற்றிலும் நீக்கப்பட்டது.

1968-ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறொரு முரணை முன்வைத்தது. நகையாக உருப்பெறாத பொன்னைத் தனியார் வைத்திருப்பதை அது தடைசெய்தது. பட்டறையில் பழைய உருவை இழந்து புதிய உருவைப் பெறாத இடைவேளையில், பாட்டியின் நகை வீட்டார் கையில் வைத்திருக்க இயலாத பொருளாயிற்று. சட்டம் உருவை நோக்கியது. குடும்பமோ பொன்னை நோக்கியது. அச்சட்டம் 1990-இல் திரும்பப் பெறப்பட்டது.

முடிவுரை

கட்டுப்பாட்டால் அழியாத இவ்வழக்கம் இன்று வேறு வகையில் மாறிவருகிறது. கடையில் பழைய நகையைக் கொடுத்து இருப்பிலுள்ள புதிய நகையைப் பெறும்போது மதிப்பு மட்டுமே கைமாறுகிறது. அதே பொன் திரும்புவதில்லை. 2021 முதல் முத்திரையோடு பொறிக்கப்படும் ஆறெழுத்துத் தனி அடையாள எண் நகையின் தூய்மைக்குச் சான்று தருவது. அதுவும் உருவைச் சார்ந்ததாகலின் உருக்கும்போது மறைந்துவிடும். பொன் யாரிடமிருந்து வந்தது என்னும் செய்தியை அது தாங்குவதில்லை.

ஆகவே அணிகலன் ஆய்வு, எஞ்சிய நகைகளோடு எஞ்சாத நகைகளின் வரலாற்றையும் தேடவேண்டும். சீர்வரிசைப் பட்டியல்கள், அடகுச் சீட்டுகள், பட்டறைக் கணக்குகள், பழைய திருமண ஒளிப்படங்கள், முதிய பெண்டிரின் வாய்மொழி ஆகியன அதற்குரிய மூலங்கள். எந்த நகை எந்த நகையாயிற்று என்பதைச் சொல்லத்தக்க தலைமுறை இருக்கும்போதே மடத்துக்குளம் போன்ற ஊர்களில் இவற்றைத் தொகுத்தல் வேண்டும். பொன்னை உருக்கியபின் அதன் முந்தைய உருவத்தை உரைகல்லால் அறிய இயலாது. அதனை அணிந்தவரின் நினைவும் இத்தகைய ஆவணங்களுமே காட்டவல்லன.