தோண்டும் முன் கேளுங்கள்: மண்ணுக்குள் இருக்கும் காஸ் குழாயில் ஜேசிபி பட்டால் என்ன ஆகும்?

திருமலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அலிபிரி தெரியும். ஆனால் அடிவாரத்தில் உள்ள திருப்பதி போன்ற நகரங்களில் சாலைக்குக் கீழே என்னவெல்லாம் ஓடுகிறது என்று யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. குடிநீர், கழிவுநீர், மின் கேபிள், ஆப்டிகல் ஃபைபர் வரிசையில் இப்போது காஸும் சேர்கிறது. பழைய சித்தூர் மாவட்டம், வேலூர், கோலார் மூன்றும் சேர்ந்து நகர எரிவாயு விநியோகத்துக்கான ஒரே பகுதி. எனவே அங்கே போர் போடுபவருக்கும், வீட்டுக்கு அஸ்திவாரம் எடுப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கீறல்தானே, மூடிட்டா போச்சு?

இல்லை. பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியனில் கட்டுமானப் பணியின்போது ஓர் இயந்திரம் காஸ் குழாயைக் கீறியது. அப்போது எதுவும் கசியவில்லை. சில வாரங்கள் கழித்து, குழாயில் அழுத்தம் கூட்டப்பட்டபோது அந்த இடம் பிளந்தது. 2004 ஜூலை 30 அன்று நடந்த அந்த வெடிப்பில் 24 பேர் இறந்தார்கள், 132 பேர் காயமடைந்தார்கள்.

குழாய் உடனே உடைந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கீறலை மண் போட்டு மூடினால் யாருக்கும் தெரியாது. எஃகுக் குழாயின் மேல்பூச்சு உரிந்தாலே துரு பிடிக்கத் தொடங்கும். அதனால்தான் சின்னக் கீறலையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் நடந்திருக்கிறதா?

2023 மார்ச்சில் பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் குடிநீர் வாரியப் பணிக்காகத் தோண்டியபோது காஸ் குழாய் சேதமாகி வெடிப்பு ஏற்பட்டது. ஆந்திராவின் நகரத்தில் 2014 ஜூன் 27 அன்று நடந்த விபத்துக்குத் தோண்டியது காரணமல்ல. ஆனாலும் கசிந்த காஸில் தீப்பற்றினால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது: 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

யாரிடம் கேட்பது?

தொலைத்தொடர்புத் துறையின் 'கால் பிஃபோர் யு டிக்' செயலி 2023 மார்ச் 22 அன்று தொடங்கப்பட்டது. எங்கே தோண்டப் போகிறீர்கள் என்று அதில் பதிந்தால், அங்கே குழாயோ கேபிளோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அவர்கள் பதில் சொல்லும்வரை பொறுங்கள். அமெரிக்காவில் இதற்காகவே 2007 முதல் 811 என்ற எண் இருக்கிறது.

தோண்டும்போது கவனிக்க வேண்டியவை

• குழாய் போகும் பாதையைச் சம்பந்தப்பட்ட நிறுவனமே வந்து குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சாலையோரத்தில் உள்ள எச்சரிக்கைக் கல் 'இங்கே குழாய் இருக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். ஆழத்தையும் சரியான இடத்தையும் சொல்லாது.

• 'ஒரு மீட்டர் ஆழத்தில்தான் இருக்கும்' என்று நம்ப வேண்டாம். சாலையை உயர்த்தியும் சுரண்டியும் போட்டதில் ஆழம் மாறியிருக்கலாம்.

• குறித்த இடத்துக்கு அருகே ஜேசிபியை நிறுத்திவிட்டு, மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டிக் குழாயைக் கண்ணால் பாருங்கள். கடப்பாரையை ஓங்கிக் குத்தாதீர்கள்.

• எச்சரிக்கை நாடா தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். குழாய் அதற்குக் கீழேதான் இருக்கும்.

பட்டுவிட்டால்?

காஸ் கசிந்தால் வேலையை அப்படியே விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக எல்லோரும் விலகிப் போங்கள். சிகரெட், தீப்பெட்டி, சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். பக்கத்தில் டீக்கடை இருந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லி அவர்களையும் வெளியேற்றுங்கள். தூரம் போன பிறகுதான் போனை எடுத்து 112க்கும் காஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும்.

குழாயை மடக்கவோ அடைக்கவோ முயல வேண்டாம். பிளாஸ்டிக் குழாயில் உருவாகும் நிலைமின்சாரப் பொறியே தீயை மூட்டப் போதும். தீப்பற்றிவிட்டால் அதை நீங்களே அணைக்கப் போகாதீர்கள். தீ அணைந்தும் காஸ் வந்துகொண்டே இருந்தால், அது தேங்கி வெடிக்கலாம்.

கசிவே இல்லை, வெறும் கீறல்தான் என்றால் பள்ளத்தை மூடாதீர்கள். நிறுவன ஆட்கள் வந்து பார்க்கட்டும். வேலை அரை நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.