வண்டா லண்டோவ்ஸ்கா: பறிபோன கருவிகளும் எஞ்சிய இசையும்

1941 டிசம்பர் 7 என்றதும் பத்திரிகைக்காரர்களின் நினைவுக்கு வருவது பேர்ள் துறைமுகத் தாக்குதல். அன்றைய தினமே நியூயோர்க்கில் வந்திறங்கிய அகதிகளுள் 62 வயதான இசைக்கலைஞர் ஒருவரும் இருந்தார். அவர் வண்டா லண்டோவ்ஸ்கா. அப்படியொரு நாளில் அவரது வருகை செய்தியாவது எங்ஙனம்?

போலந்தின் வார்சோ நகரில் 1879 இல் பிறந்த இவர், பியானோ பயின்று 1900 இல் பரிஸுக்குக் குடிபெயர்ந்தார். பியானோவில் சுத்தியல்கள் தந்தியை அடிக்கின்றன. அதற்கு முற்பட்ட ஹார்ப்சிகோர்ட்டிலோ, வீணையை மீட்டுவது போல, சிறு இறகுமுனைகள் தந்தியைச் சுண்டுகின்றன. விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஒலியின் கனம் பெரிதாக மாறாது. அக்காரணத்தால் அக்கருவி நூறாண்டுகளாக அரும்பொருட்காட்சியகங்களில் உறங்கிக்கிடந்தது. பாஹ் அதற்காகவே எழுதியவற்றை அதிலேயே வாசிக்க வேண்டும் என்று வாதாடியவர் லண்டோவ்ஸ்கா. பியானோ மேதைகள் கோலோச்சிய காலத்தில் அது எளிதான வழக்கன்று.

அவருடைய யோசனைப்படி பிளேயல் நிறுவனம் அமைத்த பெரிய ஹார்ப்சிகோர்ட் 1912 இல் அறிமுகமானது. பியானோவையொத்த கனமான கட்டமைப்பு, கால்மிதிகள், பழைய கருவிகளில் அரிதான பதினாறடித் தந்தி வரிசை. பாஹ் கண்டிருந்தால் திகைத்திருப்பார். பழமையை மீட்டவர் பழமையானதல்லாத கருவியைக்கொண்டே மீட்டார் என்னும் குற்றச்சாட்டு பின்னாளில் எழுந்தது. அது நியாயமானதே. ஆயினும் பெரிய மண்டபங்களில் மக்களைச் செவிமடுக்க வைத்தது அந்தக் கருவிதான் என்பது என் கணிப்பு. 1923 இல் அத்தகைய நான்கு கருவிகளுடன் அமெரிக்கா சென்று திரும்பினார்.

1919 இல் வாகன விபத்தொன்றில் கணவர் ஹென்றி லெவ் இறந்தார். 1925 இல் பரிஸுக்கு அண்மையிலுள்ள சென்-லூ-லா-ஃபோரே என்னும் சிற்றூரில் லண்டோவ்ஸ்கா ஒரு பழைய இசைப்பள்ளியை நிறுவினார். பாஹின் கோல்ட்பேர்க் மாறுபாடுகளை முழுமையாக ஹார்ப்சிகோர்ட்டில் 1933 இல் அங்கு வாசித்தார். அவ்வாண்டிலேயே அது இசைத்தட்டிலும் பதிவாயிற்று.

1940 இல் ஜேர்மன் படைகள் நெருங்கியபோது, யூத வம்சாவளியினரான அவர் மாணவி டெனிஸ் ரெஸ்துவுடன் தெற்கே தப்பியோடினார். செப்டெம்பரில் ரோசன்பேர்க் அமைப்பின் இசைப்பிரிவினர் அவ்வீட்டிலிருந்த கருவிகளையும் நூலகத்தையும் பெட்டிபெட்டியாக அள்ளிச்சென்றனர். போருக்குப்பின் சில கருவிகள் மீட்கப்பட்டன, பல மீளவேயில்லை. வாழ்நாள் சேகரிப்பை அறுபது வயதுக்குப்பின் இழப்பவர் எதைக்கொண்டு மீண்டும் தொடங்குவார்? அவர் 1942 பெப்ரவரி 21 இல் நியூயோர்க் டவுன் ஹோலில் அதே கோல்ட்பேர்க் மாறுபாடுகளை வாசித்துத் தொடங்கினார்.

1949 இல் பொஸ்டனில் ஹபார்ட், டவுட் என்போர் பழைய அளவுகளின்படி ஹார்ப்சிகோர்ட் செய்யும் பட்டறையைத் திறந்தனர். லண்டோவ்ஸ்காவோ அதே ஆண்டில் தமது பிளேயலில் பாஹின் 48 முன்னிசை-ஃபியூக் இணைகளைப் பதிவுசெய்யத் தொடங்கி, 1954 வரை அதில் உழைத்தார். கனெக்டிகட் மாநிலத்தின் லேக்வில்லில் 1959 ஆகஸ்ட் 16 இல் காலமானார்.

அவர் பரிஸை விட்டு ஓடுமுன் 1940 இல் பதிவுசெய்த ஸ்கார்லாட்டி சொனாட்டா ஒன்றின் நடுவே பீரங்கி வெடியொலி கேட்கிறது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை.