நீண்ட கூந்தலின் வறண்ட நுனிகள்: இயற்கை முறைகளால் முடிவதும் முடியாததும்

புதுதில்லி: தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அந்தக் கணக்கின்படி, 70 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி, கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தலையில் முளைத்த முடியாகும். அத்தனை ஆண்டு வெயிலையும், நூற்றுக்கணக்கான தலைக்குளியல்களையும், அன்றாடம் சீப்பு ஏற்படுத்தும் உராய்வையும் அது தாங்கி வந்திருக்கிறது. வேரருகே மினுமினுக்கும் கூந்தல் நுனியில் மட்டும் துடைப்பம்போல் விறைத்து நிற்பதற்கு இந்த வயது வேறுபாடே முதன்மைக் காரணம்.

வட மாநிலங்களில் குளிர்காலத்தின் வறண்ட காற்று வீசத் தொடங்கியதும் இந்தக் குறை மேலும் கண்ணில் படுகிறது. நுனியை ‘உயிர்ப்பிக்கும்’ எண்ணெய்கள், ‘பிளவை ஒட்டவைக்கும்’ பூச்சுகள், சமையலறைப் பொருள்களைக் கொண்ட கைவைத்தியங்கள் எனப் பரிந்துரைகளுக்கும் அப்போது பஞ்சமில்லை. அவற்றுள் சில உண்மையிலேயே உதவுகின்றன. சில வீண் வேலை. சில, இருக்கும் சேதத்தை மேலும் பெருக்குகின்றன.

நுனியில் நடப்பது என்ன?

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள். கெராட்டின் எனப்படும் புரதத்தாலான நார்க்கற்றையை, கூரை ஓடுகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்கள் மூடிக் காக்கின்றன. இச்செதில்களின் மேற்பரப்பில் மெல்லிய கொழுப்புப் படலமும் உண்டு. நீரை விலக்குவதும், முடியோடு முடி உராயாமல் வழுக்கிச் செல்ல உதவுவதும் அப்படலமே. சாயம், காரத்தன்மை மிக்க சோப்பு, சூடான கருவிகள், கடும் வெயில் ஆகியவை முதலில் இப்படலத்தையும், பின்னர் செதில்களையும் தேய்த்து அழிக்கின்றன. செதில்களை இழந்த இடத்தில் உள்ளிருக்கும் நார்கள், முறுக்குப் பிரிந்த கயிற்றைப் போல் பிரிகின்றன. இதுவே நுனிப் பிளவு.

உயிரணுக்கள் இல்லாத முடித்தண்டு, தோலில் ஏற்பட்ட காயத்தைப் போல் தானாக ஆறுவதில்லை. எனவே பிளந்த நுனியை நிலையாக ஒட்டவைக்கும் எண்ணெயோ மூலிகையோ கிடையாது. பூச்சுகள் பிளவை ஒட்டியதுபோல் காட்டலாம். அடுத்த குளியலில் அது மீண்டும் வெளிப்படும். நறுக்காமல் விட்டால் பிளவு தண்டின் வழியே மேலேறவும் கூடும். நீளத்தைக் காக்கும் பொருட்டுக் கத்தரியைத் தவிர்ப்பவர்கள் நீளத்தையே இழப்பது இதனால்தான்.

மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு முறை ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நறுக்கினாலும், அக்காலத்தில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும் என்பதால் கூந்தல் நீண்டுகொண்டுதான் இருக்கும். பிளவுக்குச் சற்று மேலே, நல்ல முடி தொடங்கும் இடத்தில் நறுக்க வேண்டும். காகிதமும் பால் பாக்கெட்டும் வெட்டும் வீட்டுக் கத்தரி இதற்கு உதவாது. மழுங்கிய கத்தரி முடியை நசுக்கி, புதிய பிளவுக்கு வழிவகுக்கும்.

நறுக்க விரும்பாதவர்களுக்கும், நறுக்கக் கூடாது எனக் கருதுபவர்களுக்கும் காப்பது ஒன்றே வழி. 1699-ஆம் ஆண்டு குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியதைத் தொடர்ந்து வந்த மரபின்படி, சீக்கியர்கள் முடியை வெட்டுவதில்லை. வெட்டாத முடியான ‘கேஷ்’ போலவே மரச்சீப்பான ‘கங்கா’வும் அவர்களின் ஐந்து அடையாளங்களுள் ஒன்று. நாள்தோறும் இருமுறை சிக்கெடுத்துச் சீவி, முடிந்து, துணியால் மூடிவைக்கும் அவ்வழக்கம், வெயிலிலிருந்தும் தூசியிலிருந்தும் உராய்விலிருந்தும் நுனியைக் காக்கிறது. கொண்டையை மிக இறுக்கமாகப் போடுவது மட்டும் ஆபத்து. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வேர்கள் இழுபட்டு முடி நிரந்தரமாக உதிரும் நிலை ஏற்படலாம்.

எண்ணெய்: எப்போது, எங்கே, எது?

தலைத்தோலில் சுரக்கும் இயற்கைக் கொழுப்பு நீண்ட கூந்தலின் நுனிவரை சென்று சேர்வதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்வதே எண்ணெயின் பணி. ஆனால் பெரும்பாலான வீடுகளில் எண்ணெய் உச்சந்தலையில் தாராளமாகவும் நுனியில் பெயரளவுக்கும் தடவப்படுகிறது. வறண்ட நுனிக்குத் தேவை இதற்கு நேர்மாறானது.

நாடு முழுவதும் ஒரே எண்ணெய் புழங்குவதில்லை. கேரளத்தில் தேங்காய் எண்ணெய், தமிழகத்தில் அதனுடன் நல்லெண்ணெய், வங்கத்திலும் பிகாரிலும் பஞ்சாபிலும் கடுகு எண்ணெய் என அந்தந்த மண்ணில் விளைவதே தலைக்கும் வந்தது. இவற்றுள் முடிக்குள் ஊடுருவும் தன்மை பற்றி ஆய்வுச் சான்று மிகுந்தது தேங்காய் எண்ணெய்க்குத்தான். அதில் ஏறத்தாழப் பாதியளவு இருப்பது லாரிக் அமிலம். அதன் சிறிய, நேரான மூலக்கூறு முடித்தண்டின் உட்பகுதிக்குச் செல்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, குளியலுக்கு முன்போ பின்போ தடவும்போது முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே எனக் கண்டது. ஆய்வை நடத்தியவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மும்பையைச் சேர்ந்த மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவினர் என்பதையும் வாசகர்கள் கருத்தில் கொள்வது நல்லது.

பயன் கிடைப்பது எண்ணெயின் விலையால் அன்று, தடவும் நேரத்தால். நனைந்த முடி நீரை உறிஞ்சி உப்புகிறது, உலரும்போது சுருங்குகிறது. திரும்பத் திரும்ப நிகழும் இவ்வுப்பலும் சுருங்கலும் செதில்களைத் தளர்த்துகின்றன. குளிப்பதற்கு முன்பே நுனியில் எண்ணெய் இருந்தால், நீர் உட்புகும் அளவு குறைகிறது. தோளுக்குக் கீழுள்ள பகுதிக்கு ஓரிரு தேக்கரண்டி போதும். குளியலுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு தடவினால் நன்று. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், தில்லிக் குளிரில் பாட்டிலை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து உருக்கலாம். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சித் தலையில் ஊற்றக் கூடாது. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலைத் தவிர்த்து, முடியின் கீழ்ப்பகுதியில் மட்டும் தடவுவது பாதுகாப்பானது.

கடைகளில் நெல்லிக்காய், பாதாம் படங்களுடன் விற்கப்படும் எண்ணெய்கள் பலவற்றில் பெரும்பங்கு கனிம எண்ணெயே என்பதை அவற்றின் பின்புறச் சீட்டைப் படித்தால் அறியலாம். ‘லைட் லிக்விட் பாரஃபின்’ என அச்சிடப்பட்டிருப்பது அதுதான். கனிம எண்ணெய் முடிக்குத் தீங்கு செய்வதில்லை. மேலே படிந்து வழுவழுப்பைத் தருகிறது. ஆயினும் உள்ளே செல்லாது. சமையலுக்கு வாங்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயே தலைக்கும் போதுமானது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது சட்டத்துக்கே எளிதாக இருந்ததில்லை. சிறிய பாட்டில்களில் வரும் தேங்காய் எண்ணெய் உணவு எண்ணெயா, தலைமுடி எண்ணெயா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தலைமுடி எண்ணெய் எனக் குறிப்பிட்டு விற்கப்பட்டாலன்றி அதை உணவு எண்ணெயாகவே கருதலாம் என 2024 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. அப்போது உணவு எண்ணெய்க்கு 5 சதவீதமும் தலைமுடி எண்ணெய்க்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி விதிக்கப்பட்டிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தலைமுடி எண்ணெய்க்கும் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

கழுவும் முறை

அழுக்கும் வியர்வையும் சேரும் இடம் தலைத்தோல். எனவே ஷாம்பு ஆயினும் சீயக்காய் ஆயினும் அங்குதான் தேய்க்க வேண்டும். வழிந்தோடும் நுரையே நுனியைச் சுத்தம் செய்யப் போதுமானது. கூந்தல் முழுவதையும் உச்சியில் குவித்துத் துணி துவைப்பதுபோல் கசக்குவது நுனிச் சேதத்தின் பெரிய காரணங்களுள் ஒன்று. ‘ஷாம்பு’ என்ற சொல்லே, பிடித்து அமுக்குதல் எனப் பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடத்திய ‘ஷாம்பு’ குளியல் நிலையம், உண்மையில் உடல் பிடித்துவிடும் நிலையமே.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் உள்ளது. வட இந்தியச் சந்தைகளில் ரீட்டா, சிகாகாய், ஆம்லா என மூன்றும் ஒரே பொட்டலமாகவே கிடைக்கின்றன. சோப்பு காரத்தன்மை கொண்டது. சீயக்காய் நீர் இலேசான அமிலத்தன்மை கொண்டது. ஆகவே செதில்கள் விரிந்து எழுவது குறைகிறது. ஆனால் பொடியை அப்படியே குழைத்துப் பூசினால், கரடுமுரடான துகள்கள் நீண்ட முடியில் சிக்கி, அலசி எடுப்பதற்குள் முடியை அறுத்துவிடும். காய்களை இரவில் ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்து, ஆறிய பின் மெல்லிய துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்துவதே நீண்ட கூந்தலுக்கு ஏற்றது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். பட்டும் கம்பளியும் துவைக்கப் பயன்படும் பூந்திக்கொட்டையை அளவுக்கு மீறிச் சேர்த்தால், இருக்கும் எண்ணெய்ப் பசையையும் அது உறிஞ்சிவிடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் நகரப் பகுதிகளில் மற்றொரு சிக்கல் உண்டு. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. வேறு ஆதாரம் இல்லாத இடங்களில் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் சேர்ந்து முடியில் வெண்படிவாகத் தங்கி, சொரசொரப்பை உண்டாக்குகிறது. சபோனின் அவ்வாறு படிவதில்லை. மழைநீரிலோ குடிக்கும் நீரிலோ கடைசி அலசலை மட்டும் செய்தாலும் வேறுபாடு தெரியும்.

பூச்சுகளில் ஏற்பவை, தவிர்ப்பவை

கேரளப் பெண்கள் செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளி, ஊறவைத்த வெந்தயம், ஆளிவிதையை வேகவைத்த நீர் ஆகிய மூன்றும் ஒரே அடிப்படையில் செயல்படுகின்றன. இவற்றின் கொழகொழப்பான பசை முடியின் மேல் மெல்லிய உறையாகப் படிந்து, சிக்கைக் குறைக்கிறது. மணிப்பூரில் மெய்தெய் சமூகத்தினர் அரிசி கழுவிய நீரில் உள்ளூர் மூலிகைகளைச் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ‘செங்ஹி’யும் இத்தகைய மரபே. இவற்றின் பலன் அடுத்த குளியல் வரைதான் நீடிக்கும். ஆயினும் சிக்கு குறைந்தால் சீவும்போது ஒடிவது குறையும் என்பதால், இப்பலன் அற்பமானதன்று.

சோற்றுக் கற்றாழைச் சாறு பெரும்பாலும் நீர்தான். அது தலைத்தோலுக்கு இதம் தரலாம்; வறண்ட நுனிக்கு அதன்மேல் இரண்டு துளி எண்ணெயும் தேவை. முட்டையின் புரத மூலக்கூறுகள் முடிக்குள் நுழைய இயலாத அளவுக்குப் பெரியவை. வெந்நீரில் அலசினால் முட்டை முடியிலேயே வெந்து ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

எலுமிச்சைச் சாற்றை நீர்க்காமல் தடவி வெயிலில் நிற்பதும், சமையல் சோடாவால் கழுவுவதும் அறவே தவிர்க்க வேண்டியவை. முன்னது முடியை வெளுக்கச் செய்யும். பின்னதன் காரத்தன்மை செதில்களை எழுப்பிவிடும். முல்தானி மட்டி எண்ணெய்ப் பசையை உறிஞ்சுவதற்கென்றே உள்ள மண் என்பதால், நுனிப்பக்கம் கொண்டுசெல்லலாகாது. மருதாணியின் சாயம் கெராட்டினுடன் பிணைந்து நிறம் தருகிறது. அடிக்கடி நுனிவரை பூசுவோர் முடி விறைத்துப்போவதை உணர்கின்றனர். புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும் இடுவது போதுமானது. தூய மருதாணி செம்பழுப்பு நிறமே தரும். ‘கருப்பு மருதாணி’ என விற்கப்படுபவற்றில் பிபிடி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாரா-ஃபினைலீன்டயமின் என்ற வேதிச்சாயம் கலந்திருக்கலாம்; அது கடும் ஒவ்வாமையை விளைவிக்கக்கூடியது.

அன்றாடக் கையாளுதல்

நனைந்த முடி எளிதில் நீண்டு, எளிதில் அறும். எனவே தடித்த துவாலையால் அடித்து உலர்த்தாமல், பழைய பருத்தித் துணியால் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். சிக்கெடுப்பதை நுனியிலிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலேற வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் சிக்குகள் அனைத்தும் கீழே சென்று ஒரே முடிச்சாகின்றன. இருசக்கர வாகனத்தில் செல்வோர் பின்னிய கூந்தலைத் துப்பட்டாவுக்குள்ளோ சட்டைக்குள்ளோ செருகிக்கொள்வது நுனிக்கு மட்டுமன்றி உயிருக்கும் பாதுகாப்பு. இரவில் தளர்வான பின்னலே நன்று. ரப்பர் வளையத்துக்குப் பதிலாகத் துணி நாடாவைப் பயன்படுத்தலாம்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

சீப்பில் சேரும் முடியைக் கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அவ்வாறு உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாத குட்டை முடிகள் இடையில் ஒடிந்தவை. மேற்கண்ட முறைகள் உதவுவது ஒடிதலுக்கே. வேரோடு உதிர்வது திடீரென மிகுந்தால் இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, அண்மைய காய்ச்சல், மகப்பேறு போன்ற காரணங்களை ஆராய வேண்டும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. கூந்தல் மெலிவதுடன் சோர்வும் மூச்சிரைப்பும் இருப்பின், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பின் சீராக வளரும் முடி வேரிலிருந்துதான் தொடங்கும். அது இடுப்பை எட்ட ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.