வாசித்தலும் வினவலும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் வாசிப்பு மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அறிமுகம்

ஒக்டோபர் மாதம் பிறந்தால் இலங்கைப் பாடசாலைகளில் தேசிய வாசிப்பு மாதம் தொடங்கிவிடும். பிள்ளைகள் வாசிப்பதில்லை, சிந்திப்பதில்லை என்ற கவலை மட்டக்களப்பிலும் அந்த மாதம் முழுவதும் மேடைதோறும் ஒலிக்கும். ஆனால் எழுத்தறிவுக் கணக்கு இன்னொன்றைச் சொல்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் பத்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியும். நம் பாட்டன் பூட்டன் காலத்தோடு ஒப்பிட்டால் எழுத்துத் தெரிந்தவர் தொகை பன்மடங்கு பெருகியிருக்கிறது. அப்படியானால் குறைந்தது எது?

வாசித்ததை நாலுபேர் முன் வைப்பதும், “அது எப்படி?” என்று கேட்பதும், மறுப்பதும், ஆதாரம் தேடுவதுமான பழக்கமே குறைந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. வாவிக்கரையில் வாசிப்பு நெடுங்காலம் தனிமனிதச் செயலாக இருக்கவில்லை. அது ஓர் இடத்தில், ஒரு கூட்டத்தின் நடுவே நடந்தது. அந்த இடங்கள் ஒவ்வொன்றாக இல்லாமற்போனபோது வினவலும் தளர்ந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை, தெற்கே கல்முனை, காரைதீவு, தம்பிலுவில் வரையான ஊர்கள் ஆகியவற்றை இக்கட்டுரை ஒரே பண்பாட்டுப் பரப்பாகக் கொள்கிறது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை இவை யாவும் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தன.

1. ஏடும் செவியும்

வைகாசி மாதத்தில் இப்பகுதியின் கண்ணகியம்மன் கோயில்கள் கதவு திறக்கும். அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல் பாடிச் சடங்கு முடியும்வரை, ஏட்டிலிருந்து கண்ணகி வழக்குரை காதை காதையாகப் படிக்கப்படும். ஊரார் கூடியிருந்து கேட்பார்கள். யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும் முல்லைத்தீவில் சிலம்பு கூறல் என்றும் வழங்கும் இந்நூல் கிழக்கில் ‘வழக்குரை’ என்ற பெயரைப் பெற்றிருப்பது கருதத்தக்கது. கதையின் உயிர்நிலையான இடத்தையே ஊர் பெயராக்கிக்கொண்டது. ஒரு பொற்கொல்லனின் சொல்லை விசாரியாமல் நம்பி அரசன் தீர்ப்பளிக்கிறான். ஒரு பெண் சபையேறி, தன் சிலம்பின் பரல் எது, அரசியின் சிலம்பின் பரல் எது என்று கேட்டு, உடைத்துக் காட்டி, அத்தீர்ப்பைப் பொய்யாக்குகிறாள். ஆதாரம் கேட்டல் இங்கே தெய்வச் செயல். விசாரியாமை ஓர் ஊரையே எரிக்கும் குற்றம். படிப்பறியாத மனிதரும் ஆண்டுதோறும் செவிவழியே உள்வாங்கிய பாடம் அது.

கூத்தும் ஏட்டைச் சுற்றியே நடந்தது. வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளில் எதுவானாலும், ஆட வருவோருக்கு அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டையும் வசனத்தையும் எழுதிக் கொடுக்கும் ‘சட்டம் கொடுத்தல்’ ஒரு சடங்காகவே நிகழும். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். எழுத்தறியாதவர் பிறர் வாசிக்கக் கேட்டு மனனம் செய்தார். பழக்கம் பார்க்க வந்த ஊரார் பாட்டையும் ஆட்டத்தையும் பாத்திரத்தின் நியாயத்தையும் பற்றி வாதிட்டனர். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் பாரதமும், பிற கோயில்களில் புராணங்களும் படிக்கப்பட்டன. ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றவர் பொருள் சொன்னார். முஸ்லிம் ஊர்களில் சீறாப்புராணமும் கிஸ்ஸாக்களும் மாலைகளும் இவ்வாறே ஓதிக் கேட்கப்பட்டன.

இந்த உலகைப் பொற்காலம் என்று கொண்டாடிவிட முடியாது. ஏட்டைத் தொடும் உரிமை பெரும்பாலும் ஆண்களுடையதாக இருந்தது. சாதியும் குடிமுறையும் யார் படிப்பது, யார் கேட்பது என்பதைத் தீர்மானித்தன. ஆயினும் அதன் அமைப்பு கவனத்துக்குரியது. படிப்பவர், பொருள் சொல்பவர், கேட்பவர் என மூவர் ஒரு நூலின் முன் கூடினர். ஒருவர் பிழைவிட்டால் அதைப் பிடிக்க மற்ற இருவர் இருந்தனர்.

2. அச்சும் பள்ளிக்கூடமும்

1814இல் வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அவர் இட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது. மிக்கேல் கல்லூரியில் பயின்ற காரைதீவுச் சிறுவரே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் (1892–1947) ஆனார்.

ஆழ்ந்த வாசிப்பு என்றால் என்ன என்பதற்கு வாவிக்கரை தந்த உச்சச் சான்று அவர்தான். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளே அவருடைய இசையாய்வான யாழ் நூலின் வித்து. அவ்வடிகளின் பொருளைத் தேடி அவர் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். உரைகளை ஒப்பிட்டார், இசையின் சுருதிகளைக் கணித முறையில் அளந்தார், மறைந்துபோன கருவிகளின் அமைப்பை மீட்டுருவாக்கினார். 1947 ஜூனில் நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். ஓர் உரையாசிரியர் சொன்னதை அப்படியே ஏற்காமல் கணக்கிட்டுச் சோதிக்கும் மனம் மரபுக்குள்ளிருந்தே பிறக்கும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். 1929இல் கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவாநந்த வித்தியாலயம் அந்த மனத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க எழுந்த முயற்சி.

ஏடுகளும் அச்சேறத் தொடங்கின. 1940இல் தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை வெளியிட்டார். 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். 1964இல் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் வந்தது. கேட்டறிந்த ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே வாசிக்கத் தொடங்கியது.

3. வாசிகசாலையும் வாதமும்

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், தொடர்ந்து வந்த தாய்மொழிக் கல்வியும் உழவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளை எழுத்துலகுக்குள் கொண்டுவந்தன. கோயில் முற்றம் செய்த வேலையை இப்போது வாசிகசாலை ஏற்றது. ஒரு சிறிய கட்டடம், இரண்டு வாங்குகள், ஒரு மேசை, அதன்மேல் வீரகேசரி, தினகரன், சுதந்திரன். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டு வாதாடினார்கள். ஏட்டைச் சுற்றியிருந்த மூவர் அமைப்பு பத்திரிகையைச் சுற்றி மறுபிறவி எடுத்தது.

1960களின் இலக்கிய உலகம் இவ்வாதத்தின் விளைச்சல். முற்போக்கு எழுத்தாளர்களுக்கும் மரபுவாதிகளுக்கும் இடையே, எந்த மக்களின் பேச்சுமொழி இலக்கியத்துக்குத் தகும் என்ற கேள்வி பெரும் போராக நடந்தது. மட்டக்களப்பில் ஆசிரியராக வாழ்ந்த எஸ். பொன்னுத்துரை முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து ‘நற்போக்கு’ என்ற கொடியை உயர்த்தினார். பெரியநீலாவணையில் நீலாவணனும் கல்முனையில் எம். ஏ. நுஃமானும் கவிதை எழுதியதோடு நிற்கவில்லை. நீலாவணன் ‘பாடும் மீன்’ இதழையும், நுஃமான் 1969இல் ‘கவிஞன்’ இதழையும் நடத்தினர். 1970களின் தொடக்கத்தில் தென்னிந்திய வணிக இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் எழுத்துக்கு வாசகர் பெருகினர். அக்கால விவாதங்களில் காரமும் தனிப்பட்ட தாக்குதலும் இருந்ததுண்டு. ஆனால் எதிராளி எழுதியதை முழுதாக வாசிக்காமல் ஒருவரும் மறுப்பு எழுத முடியாது. அந்த நிர்ப்பந்தமே சிந்தனையைக் கூராக்கியது.

4. அச்சத்தின் காலம்

1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பை உருக்குலைத்தது. காற்று அழித்ததை ஊர் மீளக் கட்டியது. அதன்பின் வந்த உள்நாட்டுப் போர் அழித்தது வேறு வகையானது.

1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அடுத்த நான்காம் ஆண்டில் அந்த வளாகம் அகதி முகாமாகியது. 1990 செப்டெம்பர் 5இல் அங்கே தஞ்சமிருந்தோரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அதற்கு முந்திய மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்தடுத்து வாழ்ந்த தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒன்றின் சொல்லை மற்றொன்று கேட்பதை நிறுத்தின.

அபிப்பிராயம் சொல்வதே உயிராபத்தாயிற்று. 2004 மே 31இல் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பிற் பிறந்த அரசியல் ஆய்வாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். 2006 டிசம்பரில் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சி. ரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். இத்தகைய காலத்தில் வாசிகசாலை வாங்கில் அமர்ந்து யார் எதை உரத்து வாசிப்பார்? தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதற்பாடம் ‘வாயை மூடிக்கொண்டிரு’ என்பதே. பிள்ளையின் உயிரைக் காத்த அந்தப் பாடம், போர் ஓய்ந்த பிறகும் வகுப்பறைக்குள் தங்கிவிட்டது. ‘விளங்கிச்சா?’ என்று ஆசிரியர் கேட்கும்போது விளங்காத பிள்ளையும் தலையாட்டுவதை வெறும் கூச்சம் என்று ஒதுக்கிவிடலாகாது. அதன் வேர் இந்தக் காலத்துக்குள்ளும் போகிறது.

5. விடைக்கான வாசிப்பு

மௌனம் பழகிய அந்த வகுப்பறையைப் பரீட்சை முழுதாக ஆட்கொண்டது. தரம் ஐந்து புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று மூன்று படிகளில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் எடைபோடப்படுகிறது. நிலமும் தொழிலும் இழந்த குடும்பங்களுக்கு அரச உத்தியோகமே மீட்சி. ஆதலால் பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பத்து வயதுப் பிள்ளை கதைப்புத்தகத்தை வைத்துவிட்டுக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்யத் தொடங்கும்போது வாசிப்பின் இயல்பே மாறிவிடுகிறது. பந்தியை வாசிப்பது கீழேயுள்ள வினாவுக்கு விடை பிடுங்குவதற்காக. விடை ஒன்றுதான், அது ஏற்கெனவே ஒருவருக்குத் தெரியும். பாடசாலை விட்டதும் ரியூசன் வகுப்பு. அங்கே கிடைக்கும் குறிப்புகள் பாடநூலையும் தேவையற்றதாக்குகின்றன. ஓர் இலக்கியப் பாத்திரத்தின் பண்புகளை ஐந்து புள்ளிகளில் மனனம் செய்தவருக்கு, அப்பாத்திரம் செய்தது சரியா என்று கேட்கத் தோன்றுவதில்லை. கூத்துப் பழக்கம் பார்த்திருந்த எழுத்தறியாத கிழவருக்கு அது தோன்றியது.

2022இன் பொருளாதார நெருக்கடி இதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றியது. கடதாசித் தட்டுப்பாட்டால் நாட்டில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின, பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. புத்தக விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம் போயிற்று.

6. எதிர்க்குரல் இல்லாத திரை

கைத்தொலைபேசி வந்தபின் வாவிக்கரை முன்னெப்போதையும்விட அதிகமாக எழுத்தைப் பார்க்கிறது. குறைந்திருப்பது பொருள் சொல்பவரும் மறுப்பவரும். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்தது இதன் விலையைக் காட்டுகிறது. முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக வாடிக்கையாளர் சிலர் குற்றஞ்சாட்டினர். சிங்களத்தில் கேட்கப்பட்ட கேள்வி சரியாக விளங்காத காசாளர் தடுமாறிச் சொன்ன மறுமொழி, ஒப்புதல் வாக்குமூலமாகப் படமாக்கப்பட்டு முகநூலில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரை மருத்துவ உலகிலேயே இல்லை. உணவில் கண்டது மாவுக் கட்டி என்று பின்னர் அரச பகுப்பாய்வில் தெரிந்தது. அதற்குள் கண்டியிலும் வன்முறை வெடித்திருந்தது. மார்ச் மாதம் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது.

பொற்கொல்லனின் சொல் இம்முறை காணொளியாக வந்தது. சிலம்பை உடைத்துப் பார் என்று கேட்க அந்தச் சபையில் ஒருவரும் இருக்கவில்லை. இது ஓர் இனத்துக்கு உரிய குறையன்று. தமிழரிடையே முஸ்லிம்களைப் பற்றியும், முஸ்லிம்களிடையே தமிழரைப் பற்றியும் இரவோடிரவாகப் பகிரப்படும் செய்திகளை எண்ணிப் பார்த்தால் நாமும் அதே அரசவையில்தான் அமர்ந்திருக்கிறோம்.

முடிவுரை

வாவிக்கரையின் வரலாற்றில் சிந்தனையைத் தாங்கியது நூல் மட்டுமன்று, நூலைச் சுற்றிக் கூடிய மனிதரும்தான். ஏடு போய் அச்சு வந்தபோது அந்தக் கூட்டம் கோயில் முற்றத்திலிருந்து வாசிகசாலைக்குப் பெயர்ந்து உயிர் தப்பியது. அச்சிலிருந்து திரைக்குப் பெயரும்போதுதான் கூட்டம் கூடவே வரவில்லை. போர் அதைக் கலைத்திருந்தது, பரீட்சை அதற்கு நேரம் விடவில்லை. ஆகவே நூல்களை வாங்கி அடுக்குவதாலோ தொலைபேசியைப் பறிப்பதாலோ இக்குறை தீராது.

தீர்வின் சாயல்கள் இங்கேயே உள்ளன. 2000களில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் ஊர்க் கலைஞர்களும் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம், பழைய ஏட்டை ஊரோடு சேர்ந்து வாசித்து, பெண்ணையும் சாதியையும் அது சித்திரிக்கும் முறையைக் கேள்விக்குட்படுத்தி, வேண்டியதை மாற்றி எழுதியது. மரபு மூடியிருந்த கதவை மரபின் கருவியாலேயே திறந்த முயற்சி அது. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் ‘பெண்’ இதழ், ஏட்டைத் தொட விடப்படாதவர்களை எழுதுவோராக்கியது. 2005இல் தோன்றிய நூலகம் இணையத்தளத்தில் நம் பழைய இதழ்கள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நூல் இருக்கிறது, கருவி இருக்கிறது.

வேண்டியது ஒரு வாங்கும் ஒரு மணிநேரமும். வகுப்பில் வாரம் ஒருமுறை, புள்ளி போடாமல், ஒரு பிள்ளை வாசிக்க, ஒரு பிள்ளை பொருள் சொல்ல, ஒரு பிள்ளை மறுக்கட்டும். எழுவான்கரைத் தமிழ்ப் பிள்ளையும் காத்தான்குடி முஸ்லிம் பிள்ளையும் ஒரே செய்தியை ஒரே மேசையில் வைத்து ஆதாரம் தேடட்டும். ஆண்டுதோறும் வைகாசியில் வழக்குரையை நாம் பக்தியோடு கேட்கிறோம். சபையேறிக் கேட்ட அந்தப் பெண்ணின் துணிவை நம் பிள்ளைகளுக்கும் கொடுத்தால்தான் அந்தப் பக்தி முழுமை பெறும்.